மைக் இல்லாத சாட்சி

தமிழில் 'சாட்சி' என்ற வார்த்தைக்கு முக்கியமாக இரண்டு இடங்களில்தான் வேலை. ஒன்று கோர்ட். இன்னொன்று சர்ச். அக்னிசாட்சி, மனசாட்சி என்று இன்னும் சில உண்டு. அவை வாய் திறந்து பேசுவதில்லை என்பதால் யாருக்கும் தொந்தரவில்லை.

சர்ச் சாட்சியை நீங்கள் கேட்டிருக்கலாம். உள்ளே போய்க் கேட்டிருக்க வேண்டும் என்றில்லை, ஸ்பீக்கர் புண்ணியத்தில் தெருவில் போகும்போதே கேட்டிருப்பீர்கள். ஒருவர் மைக்கைப் பிடித்து, மூணு வருஷமாக இருந்த முதுகுவலி போய்விட்டது என்பார். இன்னொருவர் பையனுக்கு விசா கிடைத்ததைச் சொல்வார். வீட்டு லோன் சாங்ஷன் ஆனது, மாமியார் மனம் மாறியது எல்லாம் வரும். இதைக் கிண்டல் செய்ய எனக்கு விருப்பமில்லை. கஷ்டப்பட்டவர் நன்றி சொல்கிறார், சொல்லட்டுமே. ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன். இந்தச் சாட்சிகளில் பக்கத்து வீட்டுக்காரர் வருவதே இல்லை. வந்தாலும் செய்வினை வைத்தவராகத்தான் வருவார்.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை வைத்து ஒரு முழுப் படம் எடுத்திருக்கிறார்கள். பிரெஞ்சுப் படம். 2010-ல் வந்தது. இங்கிலீஷில் 'ஆஃப் காட்ஸ் அண்ட் மென்' என்று பெயர். பிரெஞ்சில் மனிதர்கள் முதலில், கடவுள்கள் அப்புறம். இங்கிலீஷ்காரர்கள் மரியாதைக்காகத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். படத்தைப் பார்த்தால் பிரெஞ்சு வரிசைதான் சரி என்று உங்களுக்கே தெரியும்.

டைரக்டர் ஸாவியே போவ்வா. கான் விழாவில் அந்த வருஷம் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் ப்ரீயை வாங்கியது. பிரான்ஸில் முப்பது லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. ஒன்பது வயசாளித் துறவிகள் தோட்டத்தில் கொத்துகிறார்கள், ஜெபம் செய்கிறார்கள், சாப்பிடும்போது வாசிப்பதைக் கேட்கிறார்கள், மறுபடி ஜெபம் செய்கிறார்கள். இதைப் பார்க்க முப்பது லட்சம் பேர் க்யூவில் நின்றிருக்கிறார்கள்.

கதை என்று தனியாக எழுதத் தேவையிருக்கவில்லை. நடந்ததுதான்.

அல்ஜீரியாவில் மெதேயா என்ற ஊருக்குப் பக்கத்தில் மலையடிவாரத்தில் திபிரீன் என்று ஒரு கிராமம். பெர்பர் மொழியில் 'தோட்டங்கள்' என்று அர்த்தமாம். அங்கே 1938-ல் ட்ராப்பிஸ்ட் துறவிகள் ஒரு மடம் ஆரம்பித்தார்கள். ட்ராப்பிஸ்ட் என்றால் கத்தோலிக்கத் துறவிகளிலேயே கொஞ்சம் கெடுபிடியான கோஷ்டி. விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து சங்கீதம் பாடுவார்கள். அதிகம் பேச மாட்டார்கள். தங்கள் சாப்பாட்டைத் தங்கள் கையால் உழைத்துச் சம்பாதிப்பார்கள். முக்கியமாக ஒரு வாக்குறுதி எடுத்துக்கொள்வார்கள்: சேர்ந்த மடத்தை விட்டு நகர்வதில்லை. நம் ஊர்ப் பாதிரியாருக்கு ட்ரான்ஸ்ஃபர் உண்டு. இவர்களுக்குக் கிடையாது. அந்த மண்ணோடு கல்யாணம் ஆன மாதிரி. இந்த வாக்குறுதியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

1962-ல் அல்ஜீரியா சுதந்திரம் வாங்கியது. 132 வருஷ பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். மடம் போகவில்லை. நிலத்தில் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. மிச்சமிருந்ததில் கிராமத்துக்காரர்களையும் பங்காளிகளாகச் சேர்த்துக்கொண்டு காய்கறி போட்டார்கள். தேன் எடுத்துச் சந்தையில் விற்றார்கள். ஊரில் மசூதி இல்லாத காலத்தில் தொழுகைக்கு மடத்திலேயே ஒரு இடத்தை ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒரே காம்பவுண்டில் மணிச்சத்தமும் பாங்கு சத்தமும்.

1992-ல் உள்நாட்டு யுத்தம் ஆரம்பித்தது. தேர்தலில் இஸ்லாமியக் கட்சி ஜெயிக்கப் போகிறது என்று தெரிந்ததும் ராணுவம் தேர்தலையே ரத்து செய்தது. ஆயுதக் குழுக்கள் மலை ஏறின. இரண்டு தரப்பும் சேர்ந்து கொன்றவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். செத்தவர்களில் ஆகப் பெரும்பாலோர் சாதாரண முஸ்லிம்கள். கொலையை நியாயப்படுத்தி ஃபத்வா கொடுக்க மறுத்ததால் கொல்லப்பட்ட இமாம்கள் மட்டும் நூற்றுக்கும் மேல் என்கிறார்கள். இதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேசினால், ஏதோ கிறிஸ்தவனை முஸ்லிம் கொன்ற கதை என்று நீங்கள் நினைத்துவிடுவீர்கள். அப்படி யாரும் நினைத்துவிடக் கூடாது என்று பயந்தவர் ஒருவர் அந்த மடத்திலேயே இருந்தார். அவரிடம் பிறகு வருவோம்.

வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் 1993 டிசம்பருக்குள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று குழுக்கள் கெடு வைத்தன. டிசம்பர் 14-ம் தேதி, மடத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில் வேலை பார்த்த குரோஷியத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் கழுத்தறுக்கப்பட்டார்கள். மடத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தவர்கள். பத்து நாள் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, அதே குழுவின் தலைவன் துப்பாக்கியோடு மடத்துக்கு வந்தான்.

இங்கேயிருந்துதான் போவ்வா படத்தின் பிடியை இறுக்குகிறார். ஆனால் நான் அதற்கு முந்தின முக்கால் மணி நேரத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். நிறைய விமர்சகர்கள் அதை 'மெதுவான ஆரம்பம்' என்று தாண்டிப் போனார்கள். என்னைக் கேட்டால் அதுதான் படம்.

பிரதர் லூக் என்று ஒருவர். டாக்டர். வயசு எண்பது. ஆஸ்துமா. தலையில் கம்பளிக் குல்லா. 1946-ல் அல்ஜீரியாவுக்கு வந்தவர், அரை நூற்றாண்டாக அதே டிஸ்பென்சரியில் உட்கார்ந்திருக்கிறார். காலையில் கதவைத் திறந்தால் வரிசை. சளி, சிரங்கு, கட்டி, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஒரு அம்மாவின் காலைப் பார்க்கிறார், மருந்தோடு ஒரு ஜோடி பழைய ஷூவும் கொடுத்து அனுப்புகிறார். ஒரு இளம்பெண் வருகிறாள். நோய் ஒன்றுமில்லை. காதல் என்றால் எப்படி இருக்கும், வந்துவிட்டது என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறாள். கிழவர் சங்கடப்படவே இல்லை. தெரிந்த விஷயத்தைச் சொல்கிற மாதிரி சொல்கிறார். நீங்கள் காதலித்ததுண்டா என்கிறாள். உண்டு, பல தடவை என்கிறார். அப்புறம் இன்னும் பெரிசாக ஒன்று வந்தது, அதற்குப் பதில் சொல்லிவிட்டேன், அது ஆகிறது அறுபது வருஷம் என்கிறார். அவ்வளவுதான். அந்தப் 'பெரிசு' எது என்று விளக்கவில்லை. கையில் புத்தகம் திணிக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

அறுபது வருஷத் துறவறத்தை ஒரு முஸ்லிம் பெண்ணிடம் இத்தனை கொஞ்ச வார்த்தையில் யாரும் சொல்லி நான் பார்த்ததில்லை.

லூக்காக நடித்தவர் மைக்கேல் லோன்ஸ்டேல். ஆளை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே என்று தோன்றினால், 'மூன்ரேக்கர்' ஜேம்ஸ் பாண்ட் படத்தின் வில்லன். 1979-ல் உலகத்தையே ஒழிக்கத் திட்டம் போட்டவர், இங்கே சிரங்குக்கு மருந்து போடுகிறார். மடத்தலைவர் கிறிஸ்டியானாக வரும் லாம்பர்ட் வில்சன், 'மேட்ரிக்ஸ்' இரண்டாம் பாகத்தில் ரெஸ்டாரண்டில் உட்கார்ந்து தத்துவம் பேசும் பிரெஞ்சு வில்லன். இரண்டு வில்லன்களை அங்கி போட்டு உட்கார வைத்ததில் போவ்வாவுக்கு ஒரு லாபம்: இருவர் முகத்திலும் சினிமாச் சாமியாரின் அசட்டுக் களை இல்லை.

நம் படங்களில் பாதிரியார் எப்படி வருவார் என்று யோசித்துப் பாருங்கள். வெள்ளை அங்கி, கையில் பைபிள், "மை சன்" என்பார். ஹீரோ பாவமன்னிப்புக் கேட்பதற்காகவே அவரை வைத்திருப்பார்கள். அவர் காலையில் என்ன சாப்பிட்டார், சீட்டு கட்டுகிறாரா, பக்கத்துத் தெரு பாயோடு என்ன பேசுவார் என்று நமக்குத் தெரியவே தெரியாது. போவ்வா அதைத்தான் காட்டுகிறார். துறவிகள் ஊர் விசேஷத்துக்குப் போகிறார்கள், விருந்தாளியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். கிராமத்துப் பெரியவர்கள் வந்து, காலம் கெட்டுப்போச்சு, தலையில் துணி போடாத பெண்ணைப் பஸ்ஸிலேயே குத்திவிட்டார்கள், இவன்களெல்லாம் எந்தக் குர்ஆனைப் படித்தார்கள் என்று புலம்புகிறார்கள். சாமியார்கள் பதிலுக்குப் பிரசங்கம் பண்ணாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்பதும் ஒரு வேலை என்பது இந்தப் படத்தில் தெரியும்.

பின்னணி இசை கிடையாது. துறவிகள் பாடுவதுதான் இசை. நடிகர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு தாங்களே பாடியிருக்கிறார்கள். கொஞ்சம் நடுங்கும் கிழக் குரல்கள். ஒரு காட்சியில் ராணுவ ஹெலிகாப்டர் சேப்பலுக்கு மேலே வந்து நிற்கிறது. அந்தச் சத்தத்துக்கு எதிராக, தோளில் தோள் கை போட்டுக்கொண்டு பாடுகிறார்கள். குரல் ஜெயிக்கவில்லை. நிற்கவும் இல்லை.

சரி, துப்பாக்கிக்காரன் வந்த ராத்திரி. அவன் டாக்டரைக் கேட்கிறான், மருந்து கேட்கிறான். கிறிஸ்டியான் முதலில் சொல்வது, இது சமாதானத்தின் வீடு, ஆயுதத்தோடு உள்ளே பேச முடியாது, வெளியே வா என்று. டாக்டர் கிழவர், நோயாளி, வர மாட்டார். அடிபட்டவனை இங்கே கொண்டு வந்தால் பார்ப்பார். மருந்து ஊர்க்காரர்களுக்கே பத்தவில்லை. மூன்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. அப்புறம் இன்றைக்கு என்ன ராத்திரி தெரியுமா என்கிறார். ஈசா நபி பிறந்த ராத்திரி என்றதும் அவன் மன்னிப்புக் கேட்கிறான். கை நீட்டுகிறான். கொலைகாரக் கை. கிறிஸ்டியான் ஒரு நொடி தயங்கி, பிடிக்கிறார். அந்த ஒரு நொடிக்காக வில்சனுக்கு என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

இது சினிமாவுக்காகச் செய்தது இல்லை. ஏறத்தாழ இப்படித்தான் நடந்தது. அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியம். அவர்கள் போன பிறகு சாமியார்கள் என்ன செய்தார்கள்? கிறிஸ்துமஸ் பூசை வைத்தார்கள். வேறு என்ன செய்வது? அதுதானே அன்றைய வேலை.

மாட்டேன், இங்கேயே இருப்பேன் என்று சொல்வது இவர்களுக்குச் சுலபமாக இருக்கவில்லை என்பதில்தான் படம் நேர்மையாக இருக்கிறது. கிறிஸ்டியான் யாரையும் கேட்காமல் ராணுவப் பாதுகாப்பு வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார். மற்றவர்களுக்குக் கோபம். நீங்களாக முடிவெடுக்கவா உங்களைத் தலைவராக்கினோம் என்று சாப்பாட்டு மேஜையில் சண்டை. முதல் ஓட்டெடுப்பில் சிலர் போய்விடலாம் என்கிறார்கள். ஒருவருக்கு உடம்பு முடியவில்லை. ஒருவருக்கு ஊரில் குடும்ப ஞாபகம். இளையவரான கிறிஸ்டோஃபுக்குப் பயம். அப்பட்டமான பயம். ராத்திரி தன் அறையில் கடவுளிடம் அழுகிறார், என்னை விட்டுவிடாதே என்று. சுவர் மெல்லிசு. மற்றவர்கள் படுக்கையில் முழித்துக்கொண்டு கேட்கிறார்கள். யாரும் எழுந்து போய் ஆறுதல் சொல்லவில்லை. காலையில் எல்லோரும் தெரியாத மாதிரி இருக்கிறார்கள். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த நாகரிகம் புரியும்.

கிறிஸ்டோஃப் கேட்கிற கேள்வி நாமும் கேட்பதுதான். எதற்கு இரத்தசாட்சியாக வேண்டும்? வீரர் என்று பேர் வாங்கவா?

இந்த 'இரத்தசாட்சி' என்ற வார்த்தையைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இங்கிலீஷில் 'மார்ட்டர்' என்கிறோமே, அதன் கிரேக்க மூலத்துக்கு வெறும் 'சாட்சி' என்றுதான் பொருள். கோர்ட்டில் நிற்கிற அதே சாட்சி. அரபியில் 'ஷஹீத்' என்பதும் அப்படியே, சாட்சி சொல்வது என்ற வேரிலிருந்து வந்தது. கலிமாவை 'ஷஹாதா' என்பதும் அதே வேர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ரத்தத்தை முன்னால் ஒட்டி இரண்டையும் பிரித்துக்கொண்டார்கள். நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் ரத்தம் சிந்தாத சாட்சியும் உண்டு என்று நம் வார்த்தையே ஒப்புக்கொள்கிறது. கிரேக்கமும் அரபியும் அந்த வசதியைத் தரவில்லை. அதே அல்ஜீரிய மலையில் துப்பாக்கியோடு ஒளிந்திருந்த பையன்களும் தங்களை 'ஷஹீத்' ஆகப்போகிறவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒரே வார்த்தை, இரண்டு கடை.

கிறிஸ்டியான் தரும் பதில் எளிமையானது. சாவைத் தேடிப் போகவில்லை. வந்தால் அது நம்மை மீறி வரும். நாம் இங்கே எல்லோருக்கும் சகோதரர்களாக இருக்க வந்தோம், அதைச் செய்துகொண்டிருப்போம். முன்னே சொன்ன வாக்குறுதி இங்கேதான் வேலை செய்கிறது. ஊர்க்காரர்களால் ஓட முடியாது. அவர்களுக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட் கிடையாது. கஷ்டம் வந்ததும் நாம் மட்டும் ஃப்ளைட் ஏறினால், இத்தனை வருஷம் இருந்ததற்கு என்ன அர்த்தம்?

ஒரு சின்னக் காட்சி. கிராமத்தார் இருக்கும்போது ஒரு துறவி, நாங்கள் கிளையில் உட்கார்ந்த பறவைகள் மாதிரி, போவோமா மாட்டோமா தெரியவில்லை என்கிறார். அங்கே இருந்த பெண்மணி திருத்துகிறாள். பறவைகள் நாங்கள்தான், நீங்கள் கிளை, நீங்கள் போனால் எங்களுக்குக் கால் வைக்க இடமில்லை என்று. படத்தின் சிறந்த வசனத்தை ஒரு முஸ்லிம் கிராமத்துப் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

என் குறையும் இங்கேதான் ஆரம்பிக்கிறது. அந்தப் பெண்மணியின் வீடு எங்கே? அவள் புருஷன் என்ன செய்கிறான்? அவளுக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா? தெரியாது. சாமியார்களின் படுக்கையறை வரை போகிற கேமரா, கிராமத்து வீடுகளுக்குள் அநேகமாகப் போவதே இல்லை. ஊர்க்காரர்கள் மருந்து வாங்க வருகிறார்கள், புலம்ப வருகிறார்கள், போகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிய படத்தில் பக்கத்து வீடு தெரியவில்லை. எடுத்தது அல்ஜீரியாவில் அல்ல, மொராக்கோவில், கைவிடப்பட்ட ஒரு பழைய மடத்தில். அதனால் நான் சொல்லவில்லை. இடம் மாறினாலும் மனிதர்களைக் காட்டியிருக்கலாம். 132 வருஷத்துக் காலனியைப் பற்றி ஓர் அதிகாரி எரிச்சலோடு சொல்லும் ஒரு வார்த்தையோடு சரி. பிரான்ஸில் படம் ஓடியதற்கு இந்த மௌனமும் ஒரு காரணமோ என்று எனக்குச் சந்தேகம். தன் பழைய காலனியில் தன் ஆட்கள் இவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள் என்று பார்ப்பது யாருக்குத்தான் பிடிக்காது?

அதைவிடப் பெரிய விடுபடல் ஒன்று உண்டு. கிறிஸ்டியான் ஏன் அல்ஜீரியாவுக்கு வந்தார் என்பது படத்தில் இல்லை. அது தெரிந்தால் படமே வேறு மாதிரி ஆகிவிடும்.

1959. அல்ஜீரியச் சுதந்திரப் போர் நடக்கிறது. கிறிஸ்டியான் பிரெஞ்சு ராணுவத்தில் இருபத்திரண்டு வயசு இளம் அதிகாரி. எதிரி நாட்டு ராணுவம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே முகமது என்று ஒரு கிராமக் காவலர் அவருக்கு நண்பராகிறார். பத்துப் பிள்ளைகளுக்குத் தகப்பன். இருவரும் நடந்தபடி கடவுளைப் பற்றிப் பேசுவார்கள். ஒருநாள் வழியில் ஆயுதக்காரர்கள் மறித்தபோது முகமது நடுவில் நின்று, இவர் நல்லவர், விட்டுவிடுங்கள் என்று காப்பாற்றுகிறார். உனக்காக ஜெபம் பண்ணுவேன் என்று கிறிஸ்டியான் சொன்னதற்கு, பண்ணுவாய் என்று தெரியும், ஆனால் கிறிஸ்தவர்களுக்கு ஜெபம் பண்ணத் தெரியாதே என்றாராம் முகமது. மறுநாள் தன் வீட்டுக் கிணற்றருகே கொல்லப்பட்டுக் கிடந்தார்.

அந்தச் சாவு கிறிஸ்டியானை விடவில்லை. பாதிரியாரானார், 1969-ல் ட்ராப்பிஸ்டுகளோடு சேர்ந்தார், 1971-ல் திபிரீனுக்கு வந்தார். ரோமுக்குப் போய் அரபி படித்தார், குர்ஆன் படித்தார். முகமது சொன்னது மண்டையில் உட்கார்ந்திருக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு நடுவில் ஜெபம் பண்ணக் கற்றுக்கொள்வதையே வாழ்நாள் வேலையாக வைத்துக்கொண்டார்.

இப்போது யோசியுங்கள். யார் யாருக்குச் சாட்சி? கிறிஸ்தவன் நல்லபடியாக நடந்துகொண்டால் மற்றவர்கள் அதைப் பார்த்துக் கடவுளை அறிவார்கள் என்பது சர்ச்சில் சொல்லிக் கொடுக்கும் பாடம். இங்கே ஒரு முஸ்லிம் நல்லபடியாக நடந்துகொண்டார், அதைப் பார்த்து ஒரு கிறிஸ்தவன் துறவி ஆனான். ரோடு இரண்டு பக்கமும் போகிறது. நண்பனுக்காக உயிரைக் கொடுப்பதுதான் ஆகப் பெரிய அன்பு என்று சுவிசேஷம் சொல்வதை கிறிஸ்டியானுக்குச் செய்து காட்டியவர் சுவிசேஷம் படிக்காதவர். போவ்வா இதை எப்படி விட்டார் என்று எனக்குப் புரியவில்லை. இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷம் இருந்திருந்தால், கிராமத்தார் வெறும் மருந்து வாங்குகிறவர்களாக நின்றிருக்க மாட்டார்கள்.

நம் நாட்டில் இந்தப் படத்தைப் பார்ப்பவருக்கு இன்னொரு கேள்வியும் வரும். வராமல் இருக்காது. டிஸ்பென்சரி என்றாலே, இது சேவையா, தூண்டிலா? கிறிஸ்தவ ஆஸ்பத்திரி, ஸ்கூல் எல்லாவற்றின் வாசலிலும் இந்தக் கேள்வி உட்கார்ந்திருக்கிறது. லூக் ஐம்பது வருஷம் மருந்து கொடுத்தார். ஊர் முஸ்லிம் ஊராகவே இருந்தது. யாராவது மதம் மாறினார்களா என்று கணக்குப் பார்த்தால் அந்தக் கணக்கில் லூக் ஃபெயில். அதே நாட்டின் பாலைவனத்தில் 1916-ல் சுட்டுக் கொல்லப்பட்ட சார்ல்ஸ் தி ஃபூக்கோவும் இதே பரீட்சையில் ஃபெயில்தான். 2022-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

எதிர்த்தரப்பிலும் கேள்வி உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். விசுவாசமுள்ள ஒருவர் கேட்கலாம்: வாயைத் திறந்து சொல்லாமல் மருந்து மட்டும் கொடுத்தால் அது எப்படி சாட்சி? நல்ல மனசுள்ள நாத்திக டாக்டரும் அதைச் செய்வாரே? நியாயமான கேள்வி. படம் இதற்கு வசனத்தில் பதில் சொல்வதில்லை. ஆனால் காலையில் விடியும் முன்னால் அந்தக் கிழவர்கள் இருட்டில் எழுந்து வந்து பாடுவதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஊருக்கு மணிச்சத்தம் கேட்கிறது. இவர்கள் யார், எதற்காக இருக்கிறார்கள் என்று ஊருக்கு நன்றாகத் தெரியும். ஒளித்து வைக்கவும் இல்லை, விற்கவும் இல்லை. காயம் பட்ட தீவிரவாதிக்கும் லூக் கட்டுப் போடுகிறார், ராணுவத்துக்குக் கோபம். பிறகு அதே தலைவனின் பிணத்தை அடையாளம் காட்டக் கூப்பிடுகிறார்கள். கிறிஸ்டியான் பிணத்தின் முன் நின்று ஜெபம் பண்ணுகிறார், ராணுவ அதிகாரிக்கு இன்னும் கோபம். இதை நாத்திக டாக்டர் செய்வாரா? செய்யலாம். செய்தால் அவருக்கும் ஒரு கும்பிடு.

கடைசி ராப்போஜனக் காட்சி பிரபலம். எல்லோரும் தங்குவது என்று முடிவாகிவிட்டது. லூக் இரண்டு பாட்டில் ஒயின் எடுத்து வருகிறார், கேசட் ப்ளேயரைத் தட்டுகிறார். சைக்காவ்ஸ்கியின் 'ஸ்வான் லேக்'. கேமரா ஒவ்வொரு முகமாகப் போகிறது. சிரிப்பு, அப்புறம் கண்ணீர். ஒரு வார்த்தை கிடையாது. கரோலின் ஷாம்பெத்தியேயின் கேமரா அவ்வளவு கிட்டே போகிறது, சுருக்கத்தை எண்ணலாம். பலர் தியேட்டரில் அழுத இடம். எனக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தல். ஒன்றரை மணி நேரம் இசையே இல்லாமல் அடக்கமாக வந்தவர், இங்கே அழுங்கள் என்று முழு ஆர்க்கெஸ்ட்ராவை அவிழ்த்துவிடுகிறார். நிஜ லூக்கின் டேஸ்ட் வேறு. தன் அடக்கத்தின்போது போடுவதற்கென்று எடித் பியாஃப் பாட்டு ஒன்றைக் கேசட்டில் வைத்திருந்தாராம். எதற்கும் வருத்தமில்லை என்று கரகரத்த குரலில் பாடுவாளே, அது. அதை ஓடவிட்டிருந்தால் அந்த மேஜையில் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடியிருக்கும்.

1996 மார்ச் 26 ராத்திரி, விடிந்தால் 27. ஆயுதக்காரர்கள் வந்து ஏழு பேரைக் கூட்டிப் போனார்கள். இரண்டு பேர் அவர்கள் கண்ணில் படவில்லை. மே மாதம் கொன்றுவிட்டதாக ஆயுதக் குழு அறிக்கை விட்டது. மே 30-ம் தேதி மெதேயாவுக்குப் பக்கத்தில் தலைகள் மட்டும் கிடைத்தன. உடல்கள் இன்று வரை இல்லை. கொன்றது குழுதானா, ராணுவத்துக்குப் பங்கு உண்டா என்று பிரான்ஸில் விசாரணை வருஷக் கணக்கில் நடந்தது. படம் இந்த வம்புக்குள் போகவில்லை. பனியில் ஏறிப் போகிறார்கள், வெள்ளையில் கரைகிறார்கள், அவ்வளவுதான். கோழைத்தனம் என்று சிலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கொலையாளி யார் என்று கண்டுபிடிக்கிற படமாக இது ஆகியிருந்தால், லூக்கின் டிஸ்பென்சரி வெறும் ஃப்ளாஷ்பேக் ஆகியிருக்கும்.

அந்த வெள்ளையில் நடக்கும்போது கேட்கும் குரல், கிறிஸ்டியான் எழுதி வைத்த உயில். 1993 டிசம்பரில் ஆரம்பித்து 1994 புத்தாண்டு அன்று முடித்தது. மூடி வைத்திருந்ததை 1996-ல் திறந்தார்கள். அதன் சாரத்தை மட்டும் சொல்கிறேன். நான் கொல்லப்பட்டால், அதை வைத்து அல்ஜீரிய மக்களைக் குற்றம் சொல்லாதீர்கள். இஸ்லாத்தைக் கேலிச்சித்திரமாக்காதீர்கள். எனக்கு இரத்தசாட்சி என்ற பெருமை கிடைப்பதற்காக ஒரு அல்ஜீரியன் கொலைகாரன் ஆக வேண்டுமென்றால், அந்த விலை ரொம்ப அதிகம். இதே மாதிரி பேர் தெரியாமல் செத்த எத்தனையோ பேரோடு என் சாவையும் சேர்த்துப் பாருங்கள். கடைசியில், தன்னைக் கொல்லப்போகிறவனுக்கு, யாரென்றே தெரியாத அவனுக்கு நன்றி சொல்லி, நண்பனே என்று கூப்பிட்டு, சொர்க்கத்தில் சந்திப்போம் என்கிறார். நான் முன்னே சொன்ன, பயந்தவர் இவர்தான். அவர் பயந்தது தன் சாவுக்கு அல்ல, அதை மற்றவர்கள் எதற்குப் பயன்படுத்துவார்கள் என்பதற்கு.

பட்டம் வராமலும் போகவில்லை. 2018 டிசம்பர் 8-ம் தேதி அல்ஜீரியாவின் ஓரான் நகரத்தில் அந்த ஏழு பேரையும் சேர்த்துப் பத்தொன்பது பேருக்கு அருளாளர் பட்டம் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் ஓரான் பிஷப் பியேர் கிளாவெரி. 1996 ஆகஸ்ட் 1-ம் தேதி குண்டு வெடித்தபோது அவரோடு சேர்ந்து செத்தவர், அவருக்குக் கார் ஓட்டிய முகமது பூஷிகி என்ற இளைஞர். பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. முஸ்லிமுக்கு அந்தப் பட்டம் கொடுக்க விதி இல்லை. மறுபடியும் ஒரு முகமது வெளியே நிற்கிறார்.

படம் பிடித்துப் போய் மேலே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள், ஜான் கைசர் 2002-ல் எழுதிய திபிரீன் துறவிகள் பற்றிய இங்கிலீஷ் புத்தகத்தைத் தேடலாம். படத்தில் விட்டுப்போன கிராமம் அதில் கொஞ்சம் கிடைக்கும்.

அன்று ராத்திரி தப்பியவர்களில் கடைசியாக இருந்த பிரதர் ஜான் பியேர், மொராக்கோவில் மிதெல்த் என்ற ஊரில் 2021 நவம்பரில் தொண்ணூற்றேழு வயதில் காலமானார். அங்கேயும் சுற்றிலும் முஸ்லிம்கள்தான். திபிரீனில் மடம் வெகுநாள் பூட்டிக் கிடந்தது. 2001-லிருந்து ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் வந்து போய், கிராமத்து ஆட்களோடு சேர்ந்து தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். மரத்தைக் கத்தரிப்பது, தண்ணீர் பாய்ச்சுவது, ஜாம் செய்வது. பதினைந்து வருஷம். ஏழு கல்லறைகளும் அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.